அடங்கலும் ஆகாயப் படமும்

ஒரு நீர்வடிப்பகுதியில் நிலம் எப்படி மாறிவந்திருக்கிறது என்று அறிய விரும்புகிறவர் இன்று இரண்டு ஆவணங்களைப் புரட்டலாம். ஒன்று, கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அடங்கல். அதற்கு அடித்தளமாக இருக்கும் 'அ' பதிவேட்டையும் புலப்படங்களையும் சேர்த்தே இங்கு அடங்கல் என்று சொல்கிறேன். மற்றொன்று, எழுநூறு எண்ணூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து செயற்கைக்கோள் எடுத்த படமும், அதை வகைபிரித்து வரைந்த நிலப் பயன்பாட்டு வரைபடமும். முன்னது வரப்பு வரப்பாக நடந்து எழுதப்படுவது. பின்னது ஒரே பார்வையில் ஒரு வட்டத்தையே வாரிக்கொள்வது.

இவ்விரண்டும் சமமாக மதிக்கப்படுவது அரிது. ஆய்வாளரின் மேசையில் செயற்கைக்கோள் படம்தான் தரவு; அடங்கல் தேவைப்பட்டால் எட்டிப்பார்க்கும் துணைத்தாள். வட்டாட்சியர் அலுவலகத்திலோ அடங்கல்தான் ஆதாரம். படம் வெறும் படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றுக்கு மற்றொன்றைக் கீழாக்காமல் படித்தால் என்ன தெரிகிறது என்பதே இக்கட்டுரையின் தேடல். வேறுபாடுகள் எதிர்பார்த்தவைதான். வியப்பளிப்பது உறவு.

உறவு பிறப்பிலேயே தொடங்குகிறது. 1792 முதல் 1799 வரை அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் பாரமகாலில், அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில், ஒவ்வொரு குடியானவரின் நிலத்தையும் தனித்தனியே அளந்து தீர்வை குறித்தார்கள். இரயத்துவாரி முறை அங்கே உருப்பெற்றது. எந்த நிலம் எவ்வளவு விளையும் என்று கிழக்கிந்தியக் கும்பினி அரசு அறிய விரும்பியதே அந்த அளவைக்குக் காரணம். அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1972 ஜூலையில் ஏவப்பட்டது. அதே ஆண்டில் சோவியத் ஒன்றியம் அமெரிக்கக் கோதுமையைப் பெருமளவில் வாங்கிக் குவிக்க, விலை ஏறியது. மற்ற நாடுகளின் விளைச்சலை முன்கூட்டியே கணிக்க வேண்டும் என்ற கவலை அமெரிக்காவுக்கு வந்தது. 1974இல் தொடங்கிய பெரும்பரப்புப் பயிர்க் கணக்கெடுப்புச் சோதனை அதன் விளைவு. இரு கருவிகளையும் முதலில் வளர்த்தது, அடுத்தவர் வயலில் என்ன விளைந்திருக்கிறது என்ற அரசின் கேள்வி.

இந்தியாவில் தொலையுணர்வின் தொடக்கமும் பயிரைச் சுற்றியதே. 1970 வாக்கில் பி. ஆர். பிஷாரடியின் குழு கேரளத்தில் ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்பு வண்ணச் சுருளில் தென்னந்தோப்புகளைப் படமெடுத்து, வேர்வாடல் நோய் கண்ட மரங்களைப் பிரித்துக் காட்டியது. நம் கிராமக் கணக்கிலும் மரங்களுக்குத் தனி இடம் உண்டு: அரசு நிலத்து மரங்களின் அனுபோகத்துக்கு '2 சி' கணக்கு. வானிலிருந்து மரத்தை எண்ணியவரும் தரையிலிருந்து எண்ணியவரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள்.

நாட்காட்டியும் ஒன்றே. அடங்கல் பசலி ஆண்டைப் பின்பற்றுகிறது. 2024 ஜூலை 1இல் பசலி 1434 பிறந்தது. ஐதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு மையம் நாடு முழுவதற்கும் வரைந்த நிலப் பயன்பாட்டு வரைபடங்கள் 2005-06, 2011-12, 2015-16 என்று பெயர் தாங்குகின்றன. சனவரியில் தொடங்காமல் வேளாண் ஆண்டைப் பின்தொடரும் பெயர்கள் இவை. ஒரு வயலை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதாது, பருவத்துக்குப் பருவம் பார்க்க வேண்டும் என்பதை இரண்டுமே ஏற்கின்றன.

அளவுகளை ஒப்பிட்டபோதுதான் எனக்கு மெய்யான மகிழ்ச்சி கிடைத்தது. முதல் லேண்ட்சாட்டின் ஒரு பிக்சல் தரையில் ஏறத்தாழ 80 மீட்டர் சதுரம்; நம் கணக்கில் ஒன்றரை ஏக்கர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு விவசாயி ஒருவரின் சராசரி உடைமை 0.75 ஹெக்டேர். ஆக, ஒரு குடும்பத்தின் மொத்த நிலமும் அந்தப் படத்தில் ஒற்றைப் புள்ளியாகிவிடும் அளவுக்கு வந்தது. 1982 முதல் லேண்ட்சாட்டின் பிக்சல் 30 மீட்டரானது, அதாவது 22 சென்ட். 2015இல் வந்த ஐரோப்பிய சென்டினல்-2இன் பிக்சல் 10 மீட்டர் சதுரம். பத்தைப் பத்தால் பெருக்கினால் நூறு சதுர மீட்டர், சரியாக ஓர் ஏர். பட்டாவில் 'ஹெக்டேர்-ஏர்' என்று அச்சாகும் அதே ஏர். பட்டாவின் அலகும் செயற்கைக்கோளின் அலகும் யாரும் திட்டமிடாமலே ஒரே அளவில் வந்து நிற்கின்றன.

அலகு ஒன்றானால் சங்கடமும் ஒன்றாகிறது. அடங்கலில் ஓர் உட்பிரிவுக்கு ஒரு பெயர். வரைபடத்தில் ஒரு பிக்சலுக்கு ஒரு வகை. பாதி தென்னையும் பாதி வீடுமாக இருக்கும் உட்பிரிவை எழுதுகிறவர் ஏதாவது ஒரு பக்கம் சாய வேண்டும். பாதி நீரும் பாதி கரையுமாக இருக்கும் பிக்சலைக் கணினியும் ஏதாவது ஒரு பக்கம் சாய்க்கிறது. நிலவரித் திட்ட அலுவலர் மண்ணை நிறத்தாலும் இளக்கத்தாலும் கரிசல், செம்மண், மணல் என்று பிரித்துத் தரம் போட்டார். செயற்கைக்கோள் அதே மண்ணைச் சிவப்பு ஒளியிலும் அகச்சிவப்பிலும் எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்று பார்த்துப் பிரிக்கிறது. கைவிரலுக்கும் கண்ணாடி வில்லைக்கும் இடையில் இரண்டு நூற்றாண்டு இடைவெளி உண்டு. செய்யும் செயல் ஒன்று: தொடர்ச்சியாகக் கிடக்கும் நிலத்தின் மேல் கோடு கிழித்துப் பெயர் சூட்டுவது.

அந்தப் பெயர்களில் நீர்வடிப்பகுதிக்கு மிகுந்த தீங்கு செய்தவை இரண்டு: கணக்கில் தரிசும் புறம்போக்கும், வரைபடத்தில் பாழ்நிலம். வரி தராத நிலத்தை முன்னது தள்ளிவைத்தது. பயிரின் அடையாளம் காட்டாத நிலத்தைப் பின்னது தள்ளிவைத்தது. தேசியத் தொலையுணர்வு மையமும் நிலவளத் துறையும் சேர்ந்து 2000 தொடங்கி 2019 வரை வெளியிட்ட பாழ்நில வரைபடத் தொகுப்புகளில் புதர்க்காடும் சீரழிந்த மேய்ச்சல் நிலமும் நீர்தேங்கும் நிலமும் தனித்தனி உட்பிரிவுகளாக இடம்பெற்றுள்ளன. ஆடு மேய்ப்பவருக்கு அது பாழ் அன்று. மழைநீரை மெல்ல இறக்கிவிடும் மேட்டுப்புதராக ஏரிக்கும் அது பாழ் அன்று. ஆனாலும் தொழிற்பேட்டைக்கோ சூரிய மின்நிலையத்துக்கோ இடம் தேடும்போது முதலில் விரல் படுவது இந்த நிறத்தின் மேல்தான். இராமநாதபுரத்துச் சீமைக்கருவேலக் காட்டில் இரு ஆவணங்களும் ஒன்றையொன்று மறுக்கின்றன. அடங்கல் தரிசு என்கிறது. படம் அடர்பச்சை காட்டுகிறது. இரண்டுக்கும் நடுவில், அம்மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் எந்த ஆவணத்திலும் பதிவாகவில்லை.

பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்வோம். தென்சென்னையின் ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழைநீரும் பல ஏரிகளின் உபரியும் அங்கு வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கோவளம் கழிமுகத்துக்கு இறங்குகின்றன. ஊரார் அதைக் கழுவெளி என்றார்கள். நெல் விளையாததால் கணக்கில் அது அரசுப் புறம்போக்கு. 1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்திருந்த சதுப்பில், 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலுக்காகக் குறிக்கப்பட்டது ஏறத்தாழ 1,250 ஹெக்டேர். எஞ்சியதில் பெருங்குடிக் குப்பைமேடும், மென்பொருள் நிறுவனங்களும், அரசு நிறுவனங்களும், சாலைகளும், வீடுகளும் ஏறிவிட்டன.

இந்தச் சுருக்கத்தைப் படம்தான் காட்டிக்கொடுத்தது என்று சொல்வது வழக்கம். அது பெரும்பாலும் உண்மை. ஆனால் சதுப்பு எந்த மாதத்தில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து வேடம் மாறும் நிலம். டிசம்பரில் நீர்ப்பரப்பு, மே மாதத்தில் வெடித்த களிமண், சம்பங்கோரை வளர்ந்தால் பயிர்போலப் பச்சை, ஆகாயத்தாமரை மூடினால் நீரே இல்லாததுபோலப் பச்சை. கோடைப் படம் ஒன்றை மட்டும் எடுத்து வகைபிரித்தவர் சதுப்பின் பெரும்பகுதியை வெற்று நிலம் என்று எழுதிவிடுவார். ஆண்டு முழுவதற்கும் ஒரே சொல்லால் 'புறம்போக்கு' என்று எழுதிய கணக்கரும் ஏறத்தாழ அதையே செய்தார். ஒரே ஆண்டில் இரண்டாக வாழும் நிலத்தைச் சொல்ல இருவரிடமும் சொல் இல்லை. ஏரியின் உள்வாயும் இப்படித்தான்: தையில் அலையடிக்கும், வைகாசியில் ஆடு மேயும்.

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலைப் பருவமழை இன்னும் கூட்டுகிறது. ஏரிகள் நிறைவது வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வானத்தை மேகம் அடைத்துக்கொள்வதும் அப்போதே. ஒளியை நம்பும் செயற்கைக்கோள், நீர்வடிப்பகுதி உயிர்பெறும் அந்த வாரங்களில் குருடாகிறது. மேகத்தைத் துளைக்கும் ரேடார் 2012இல் ரிசாட்-1 வழியாகவும் 2014 முதல் சென்டினல்-1 வழியாகவும் கிடைத்த பின்பே இந்த இடைவெளி ஓரளவு நிரம்பியது. தரையில் நடப்பவருக்கு மேகம் தடையல்ல. சேறுதான் தடை.

இனி இரண்டும் பிரியும் இடத்துக்கு வருவோம். ஏரிப்பாசன ஊர் ஒன்றின் ஆயக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 1980களின் படத்தில் தை மாதம் பச்சை; இன்றைய படத்திலும் தை மாதம் பச்சை. இரண்டையும் கழித்துப் பார்க்கும் கணினி 'மாற்றமில்லை' என்று எழுதும். அடங்கலில் பயிருக்குப் பக்கத்தில் பாசன ஆதாரம் குறிக்கும் பத்தி இருக்கிறது. அங்கே 'ஏரி' என்று இருந்த இடத்தில் 'கிணறு' என்றும், பிறகு 'ஆழ்துளைக் கிணறு' என்றும் எழுத்து மாறியிருக்கும். நீர்வடிப்பகுதியின் கணக்கில் இதைவிடப் பெரிய மாற்றம் கிடையாது. மதகைத் திறக்க ஊர் கூடிய இடத்தில் இப்போது அவரவர் மோட்டார் ஓடுகிறது. வரத்துக்கால்வாயைத் தூர்வார யாருக்கும் அவசரமில்லை. நிலத்தடி நீர்மட்டம் கீழே போகிறது. மேலே எல்லாம் பச்சை. தமிழ்நாட்டின் பாசனப் பரப்பில் ஏரியின் பங்கு அரை நூற்றாண்டில் சுருங்கி, கிணறு முதலிடத்துக்கு வந்த வரலாறு முழுவதும் இந்தப் பச்சைக்கு அடியில்தான் நடந்தது. அதை எழுதிவைத்தது பலரும் ஏளனமாகப் பேசும் அந்த அடங்கல். நிலப் பயன்பாட்டு ஆய்வு செய்யும் எவரும் இந்த ஒரு பத்திக்காகவேனும் அடங்கலைத் திறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எதிர்ப்பக்கமும் உண்டு. 'அ' பதிவேட்டில் நன்செய் என்று உள்ள நிலம், அதன் மேல் மூன்று மாடிகள் எழுந்த பிறகும் பல காலம் நன்செய்யாகவே இருக்கும். அங்கே படம் பார்க்கும் மாற்றத்தைக் கணக்கு பார்ப்பதில்லை. வயல் மனையாவதற்கு முன் இரண்டு மூன்று ஆண்டுகள் சும்மா கிடக்கும். மழை பொய்த்ததால் தரிசு, விற்றுவிட்டதால் தரிசு என்ற வேறுபாடு அடங்கலில் இல்லை. கூர்மையான படமோ மண்சாலைகள் கட்டம் கட்டமாக விழுவதைப் பார்த்ததும் மனைப்பிரிவு என்று கண்டுகொள்ளும். கணக்கு நீரின் மூலத்தை அறியும், காட்சியைத் தவறவிடும். படம் காட்சியை அறியும், நீரின் மூலத்தைத் தவறவிடும்.

இரண்டும் சேர்ந்தே தவறவிடுவதும் உண்டு. நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் அணை கட்டி முடிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் திருப்பூர்ச் சாயக்கழிவின் உப்பு அதில் தேங்கியது. பாசனத்துக்காகக் கட்டிய அணையின் நீரைத் திறக்க வேண்டாம் என்று கீழ்ப்பகுதி விவசாயிகளே போராடினார்கள். வழக்குகள் நீண்டு, 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. அந்த ஆண்டுகளின் படங்களில் அணை ஒரு செழிப்பான நீர்நிலை. வகைபிரிப்பில் அதற்கு 'நீர்' என்ற நிறமே கிடைக்கும். வருவாய்க் கணக்கிலும் அது நீர்த்தேக்கமே. ஆயக்கட்டின் அடங்கலில் தரிசு பெருகுவதை வைத்துத்தான் ஏதோ கோளாறு என்று ஊகிக்க முடியும். உப்பை எழுத இரு ஆவணங்களிலும் பத்தி இல்லை.

நினைவாற்றலில் இவை முற்றிலும் மாறுபட்ட குணம் கொண்டவை. 'அ' பதிவேடு நிலத்துக்கு முன்பு என்ன பெயர் இருந்தது என்பதை விடாப்பிடியாக வைத்திருக்கிறது. 1979இல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் உரிமையாளர் பெயர்களும் எண்களும் மாறின. ஓடை என்பதும் ஏரி என்பதும் பெரும்பாலும் அப்படியே தொடர்ந்தன. படத்துக்குப் பழைய பெயர் தெரியாது. அந்தந்த நாளின் காட்சி மட்டுமே அதனிடம் உண்டு. ஆனால் 1972 முதல் படமெடுத்த நாட்களை அது சேர்த்துவைத்திருக்கிறது. 2008இல் லேண்ட்சாட் களஞ்சியம் எல்லோருக்கும் இலவசமாகத் திறக்கப்பட்டது. அதற்கு முன் காசு கொடுத்து ஒவ்வொரு படமாக வாங்க வேண்டியிருந்ததால், இரண்டு படங்களை ஒப்பிடுவதே ஆய்வு என்றிருந்தது. அதன் பிறகுதான் ஆண்டுக்கணக்கான தொடரைப் படிக்கும் பழக்கம் வந்தது. கணக்கேடுகளில் செல்லரித்த பக்கங்கள் இருப்பதுபோல இங்கும் இடைவெளிகள் உண்டு: 2003 மே மாத இறுதியில் லேண்ட்சாட்-7இன் ஒரு பாகம் பழுதாகி, அதற்குப் பின் வந்த ஒவ்வொரு படத்திலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கோடுகோடாக விடுபட்டுப்போனது.

தவறு நேரும் விதமும் ஒத்திருக்கிறது. பயிராய்வுக்குப் போகாமல் சென்ற பசலியின் அடங்கலைப் பார்த்து எழுதுவது பற்றிய புகார் பழையது. ஓர் ஆண்டு களத்தில் திரட்டிய மாதிரிகளை வைத்துக் கணினியைப் பழக்கி, அதே பழக்கத்தை வேறோர் ஆண்டின் படத்தின் மேல் ஏற்றுவதும் ஏறக்குறைய அதேதான். திருத்திக்கொள்ளவும் இரண்டிடமும் வழி உண்டு. பசலி முடிவில் ஜமாபந்தி கூடுகிறது. மேலதிகாரி கணக்குகளைப் புரட்டுகிறார், நில அளவைச் சங்கிலியைக்கூடப் பரிசோதிக்கிறார், குடிமக்கள் மனுவோடு நிற்கிறார்கள். வரைபடத்துக்கும் சில நூறு இடங்களைத் தேர்ந்து, நேரில் கண்டதோடு ஒப்பிட்டு, எந்த வகை எந்த வகையாகத் தவறிப்போனது என்று அட்டவணை போடுகிறார்கள். 1976இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையின் ஆண்டர்சன் குழு வகுத்த நெறிமுறை நூற்றுக்கு 85 சரியாக இருக்க வேண்டும் என்றது. இன்றும் பலர் அந்த எண்ணையே எல்லையாகக் கொள்கிறார்கள். ஆனால் ஜமாபந்தியில் நிலத்துக்காரர் வந்து 'இது தவறு' என்று சொல்லலாம். வரைபடத்தின் முன் அவர் நிற்க இன்னும் இடமில்லை, இருந்திருக்க வேண்டும்.

கடைசியாக, கூர்மை. செயற்கைக்கோள்தான் கூர்மையானது என்ற எண்ணம் ஒரு வரத்துக்கால்வாயின் முன் தடுமாறுகிறது. ஒரு நீர்வடிப்பகுதியை ஒன்றாகக் கோப்பவை வயல்களோ ஏரிகளோ அல்ல. ஏரிக்கும் ஏரிக்கும் இடையே ஓடும் இரண்டு மூன்று மீட்டர் அகலக் கால்வாய்களும் ஓடைகளும்தான். தமிழ்நாட்டின் ஏறத்தாழ 39,000 ஏரிகளில் பெரும்பாலானவை இப்படிச் சங்கிலியாகக் கோக்கப்பட்டவை. பத்து மீட்டர் பிக்சலுக்குள் அப்படியொரு கால்வாய் கரைந்துவிடும். கருவேலம் மூடியிருந்தால் இன்னும் கூர்மையான படத்திலும் தெரியாது. பழைய புலப்படமோ அதே கால்வாயின் அகலத்தை லிங்க் கணக்கில் எழுதியிருக்கிறது. நூறு லிங்க் சேர்ந்தால் 66 அடிச் சங்கிலி. ஒரு லிங்க் சுமார் 20 சென்டிமீட்டர். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் இலவசப் படங்களைவிட ஐம்பது மடங்கு நுட்பமான அளவு, இரும்புச் சங்கிலியை இழுத்து நடந்தவர்களின் கையால் கிடைத்தது.

ஆகவே செய்ய வேண்டிய வேலை, புலப்படத்தைப் படத்தின் மேல் பொருத்துவது. அது எளிதன்று. அளவைக் கற்கள் பல இடங்களில் பிடுங்கப்பட்டுவிட்டன. பொருத்தம் சில மீட்டர் நகர்ந்தாலும் ஓடை பக்கத்து வீட்டுக்குள் போய்விடும். இரு ஆவணங்களிலும் அடையாளம் காணக்கூடிய, இடம்பெயராத புள்ளிகள் வேண்டும். ஏரியின் மதகு, கலிங்கு, கோயில் குளத்தின் மூலைகள் ஆகியவை இதற்கு நன்றாக உதவுகின்றன. பொருத்தி முடித்ததும் கிடைப்பது வண்ண வரைபடம் அன்று, புல எண்களின் பட்டியல்: கணக்கில் ஓடை, படத்தில் கூரை; கணக்கில் ஏரி, படத்தில் சாலை; கணக்கில் வண்டிப்பாதை, படத்தில் மழைக்காலத்து நீர்க்கோடு. 2007இல் இயற்றப்பட்ட ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டத்தின்படி நடவடிக்கை எடுக்கவும் புல எண்ணே தேவை. பிக்சலுக்கு நோட்டீஸ் அனுப்ப முடியாது. இரு ஆவணங்களும் ஒத்துப்போகும் புலங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, முரண்படும் எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அடுத்த பருவமழைக்கு முன் களத்துக்குப் போக வேண்டும்.